சின்ன மாஸ்டரா, பெரிய மாஸ்டரா?

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் என் கார் நடுரோட்டில் நின்றுவிட்டது.

நின்றது என்பதுகூடச் சரியில்லை. கிளட்ச்சை அடிவரை மிதித்திருக்கிறேன்... அது பாட்டுக்கு முன்னே நகர்கிறது! எதிரே ஒரு லாரியின் பின்புறம். பிரேக்கை அழுத்தினேன். எஞ்சின் ஒரு உதறு உதறி அணைந்தது. கியர் வெளியே வர மறுத்துவிட்டது.

ஷிஃப்ட் முடிந்து ஃபாக்டரியிலிருந்து வந்துகொண்டிருந்த ஆறேழு பேர் காரை முன்னும் பின்னும் ஆட்டி, கியரை விடுவித்து, ஓரமாகத் தள்ளினார்கள். அவர்களில் ஒருவர் கேட்டார்.

"எங்கீங்க போறீங்க?"

"இப்ப சும்மா ஓட்டிப் பாக்கறனுங்க. வியாழக்கெழம சின்னக்கானலுக்கு."

அவர் காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மலைக்கா? இதுலயா?" என்றார்.

மூணாறுக்குப் பக்கத்து மலையூரான சின்னக்கானலில் என் ஒரே மகள் வசந்தா இருக்கிறாள். மாப்பிள்ளைக்குத் தேயிலை எஸ்டேட்டில் வேலை. கல்யாணமாகி மூன்று வருஷம். நான் ஒரு தடவைகூட அவள் வீட்டுக்குப் போனதில்லை. சண்டையா? இல்லை. நாற்று நடவு, அறுப்பு, அப்புறம் என் முழங்கால்... காரணத்துக்கா பஞ்சம்?

ஐப்பசியில் அவளிடமிருந்து கடிதம் வந்தது. மாப்பிள்ளையை அஸ்ஸாமுக்கு மாற்றப் போகிறார்கள், மாசிக் கடைசியில் கிளம்ப வேண்டும், அதற்குள் நானும் அம்மாவும் ஒரு தடவை வந்து போக வேண்டும். அவ்வளவுதான் கேட்டிருந்தாள்.

அஸ்ஸாம்! அப்புறம் அவளை எப்போது பார்ப்பது?

போகத்தான் முடிவு செய்தேன். ஆனால் என் காரின் கிளட்ச், இரும்புக் கம்பியை இழுத்து வேலை செய்யும் பழைய ராடு வகை. வரப்பில் விழுந்து உடைந்த இடது முழங்காலை வைத்துக்கொண்டு, அந்தப் பெடலை மிதித்து மலை வளைவுகளில் ஏற முடியாது. டிரைவர் வைக்கலாமே என்பீர்கள். என் காரை இன்னொருத்தன் ஓட்டுவதா? எஸ்டேட் குவார்ட்டர்ஸ் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் பார்க்க, நானே ஓட்டிக்கொண்டு போய் இறங்க வேண்டாமா?

பாலக்காட்டில் என் காரைப் பழுது பார்க்கும் காதர் ராவுத்தரிடம் போனேன். எண்ணெயில் வேலை செய்யும் ஹைட்ராலிக் கிளட்ச் மாட்டலாம் என்றார். பெடலை மிதித்தால் மேலே இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளும். அது குழாய் வழியே கீழே இன்னொரு சிலிண்டருக்குப் போய்க் கிளட்ச்சை விடுவிக்கும். மாஸ்டரில் சின்னது, பெரியது என்று இரண்டு கிடைத்தன.

"சின்னது போட்டா பெடல் பூ மாதிரி இருக்குமுங்க. ஆனா எண்ணெய் கம்மியாத்தான் போகும், கிளட்ச் முழுசா விடாது. மலைக்குப் பெருசுதானுங்க நல்லது. காலு கொஞ்சம் வலிக்கும், கியர் விழும்" என்றார் ராவுத்தர்.

இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? எனக்கு மட்டும் காதில் 'பூ மாதிரி' என்பதே நின்றது.

முடிவெடுக்க முடியாமல் நான் தவித்ததைப் பார்த்து என் மனைவி தங்கமணி சொன்னாள். "ஏனுங்க, கோயல்ல பூ கேட்டுப்போடலாமுங்க."

எங்கள் பக்கத்தில் கல்யாணம், கிணறு, வழக்கு... எதற்கும் அம்மனிடம் பூ கேட்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு என்றால் வேண்டாம். எங்கள் கோயிலில் அமாவாசைக்கு அமாவாசைதான் கேட்க முடியும்.

கார்த்திகை அமாவாசையில் கேட்டேன்: "சின்னது போடலாமா?" சிவப்பு.

"அதான் ஆத்தா சொல்லிப்போட்டாளல்லங்க. பெருசே போட்டுட்டுக் கெளம்பலாமுங்க" என்றாள் தங்கமணி.

நான் மனசு ஒன்றி வேண்டவில்லை என்று சொல்லிவிட்டேன். மார்கழி அமாவாசையில் மறுபடி கேட்டேன். சிவப்பு! குளிக்காமல் வந்த யாரோ பக்கத்தில் நின்றதாகக் குறை கண்டுபிடித்தேன். தை அமாவாசையில் வெள்ளை வந்தது. அம்மனுக்கும் அலுத்துப் போயிருக்கும்.

யோசித்துப் பார்த்தால் நாம் யோசனை கேட்பதெல்லாம் இப்படித்தான். டாக்டரோ, வக்கீலோ, தெய்வமோ... நம் மனசில் இருப்பதைச் சொல்லும்வரை விடுவதில்லை.

சின்ன மாஸ்டரை வாங்கிப் பொருத்தி முடிக்க மாசி பிறந்துவிட்டது. பெடல் நிஜமாகவே பூ மாதிரிதான் இருந்தது. முழங்காலுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பாலக்காட்டிலிருந்து விசிலடித்துக்கொண்டு போனவனைத்தான் கஞ்சிக்கோட்டு வெயிலில் அந்த ஆறேழு பேர் தள்ளினார்கள். ஆளனுப்பி ராவுத்தரை வரவழைத்தேன். அவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார். "பெருசுங்க." திட்டியிருந்தால்கூடத் தேவலை.

காரை அவரிடம் விட்டுவிட்டு எங்கள் ஊர் நல்லேப்பிள்ளிக்கு வந்து சேர்ந்தேன். தங்கமணி கையில் ஒரு இன்லண்ட் லெட்டர். என்னைப் பார்த்ததும் நீட்டினாள்.

உத்தரவு முன்னாடியே வந்துவிட்டதாம். ஒரு வாரத்துக்குள் அஸ்ஸாமில் சேர வேண்டுமாம். மூட்டை கட்டவே நேரம் போதவில்லை, ஊருக்கு வர முடியவில்லை, மன்னியுங்கள் என்று வசந்தா எழுதியிருந்தாள். மெட்ராஸ் ஸ்டேஷனில் தபாலில் போட்டிருக்கிறாள். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்! நான் எங்கே போய்க் கேட்பது? எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

கடிதத்தின் ஓரத்தில், இடமில்லாமல் நெருக்கி, இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தது: "உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாருக்குத் தினமும் பஸ் வருதுங்கப்பா. அங்கேயிருந்து எங்க எஸ்டேட்டுக்கும் ஒரு பஸ் உண்டு. ஐப்பசியிலிருந்து சாயங்காலம் அது வர்ற நேரத்துக்கு வாசல்ல வந்து நின்னு பாத்துட்டே இருந்தேன்."

திருப்பித் திருப்பிப் படித்துவிட்டேன். கார் என்ற வார்த்தையே அந்தக் கடிதத்தில் இல்லை.