மூன்றடித் தொட்டிக்கு ஒரு ரெட் டெயில்

மராத்தி பேசும் ஊரான கசார்வாடியில் நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த அலங்கார மீன் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். முதல் நாளே முதலாளி எனக்கு இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொடுத்தார். பாலித்தீன் பையில் ஒரு பங்கு தண்ணீரும் இரண்டு பங்கு காற்றும் வைத்துக் கட்டுவது ஒன்று. "இந்த மீன் எவ்வளவு பெரிசாகும்?" என்று யாராவது கேட்டால் சொல்ல வேண்டிய பதில் இன்னொன்று. "டேங்க் ஜித்னா, மச்லி உத்னா." தொட்டி எவ்வளவோ மீனும் அவ்வளவுதான்.

அது பொய் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதம்கூட ஆகவில்லை. சொல்வதை நிறுத்தத்தான் ஏழெட்டு வருஷமாயிற்று.

1

ராஜாமணி கடைக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆகுர்டியில் ஒரு வண்டித் தொழிற்சாலையில் லேத் ஆபரேட்டராக இருந்து வி.ஆர்.எஸ். வாங்கியவர். நான் போனில் தமிழ் பேசியதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"தமிழா தம்பி? எந்த ஊரு?"

"தூத்துக்குடிப் பக்கம் அண்ணாச்சி."

"நமக்கு சேலம், ஆத்தூரு. மூணடி டேங்க் ஒண்ணு வச்சிருக்கேன். வேட்டையாடுற மீனா ஒண்ணு வேணும். கப்பி, மோலி எல்லாம் வேண்டாம், ஆளப் பாத்தா ஓடிரும். ஆளப் பாத்து கிட்ட வர்ற மீனா குடு. வூட்டுக்காரி டீச்சரு, ஸ்கூலுக்குப் போயிருவா. பகல் பூரா நான் ஒருத்தன்தான்."

ஜாக் டெம்ப்சி தொட்டிக்கு அவரைக் கூட்டிப்போனேன். மூன்றடிக்குச் சரியான மீன் அது. ஒன்றை மட்டும் தனியாக விட்டால் பல வருஷம் இருக்கும், ஆளையும் அடையாளம் கண்டுகொள்ளும். ஆனால் குஞ்சாக இருக்கும்போது சாம்பல் நிறத்தில் களையே இல்லாமல் இருக்கும். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்துத் தொட்டிக்கு நகர்ந்தார். அதில் ரெட் டெயில் கேட்ஃபிஷ் குஞ்சு ஒன்று இருந்தது. நாலு விரல் நீளம், வெள்ளை மீசை, சிவந்த வால். அவர் கண்ணாடியில் விரல் வைத்ததும் மீசையை ஆட்டிக்கொண்டு வந்து விரலுக்கு நேராக நின்றது.

"இது எவ்ளோ பெருசாவும் தம்பி?"

அது மூன்றடியைத் தாண்டி வளரும் மீன். முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளியின் வாக்கியத்தை நான் தமிழில் சொன்னேன். தமிழில் சொன்னதாலேயே அவர் நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன்.

2

நாலைந்து மாதம் கழித்து அவர் வீட்டு டாப் ஃபில்டரைச் சரிசெய்யப் போனேன். மீன் ஓரடி வளர்ந்திருந்தது. அவர் கையை விட்டதும் உள்ளங்கையில் வந்து படுத்தது. பெயர்கூட வைத்திருந்தார்: மாப்ளே.

"மாப்ளைக்கு எறா இல்லேன்னா கோவம் வந்துரும்" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் சமையலறைப் பக்கம் போனபோது அவர் மனைவி தாழ்ந்த குரலில் சொன்னார். "வேலைய விட்டதுலேருந்து எங்கிட்டகூட சரியா பேசறதில்ல தம்பி. இதுகிட்டயாச்சும் பேசறாரு. அதுவே போதும்."

கிளம்பும்போது ராஜாமணி கேட்டார். "இன்னும் வளருமா தம்பி?"

நான் ஃபில்டரைத் துடைத்துக்கொண்டே, "இனிமே நின்னுரும் அண்ணாச்சி" என்றேன்.

3

வருஷம் முடிவதற்குள் அவரே கடைக்கு வந்தார். சவரம் செய்யாத முகம்.

"திரும்ப முடியல தம்பி. வளைஞ்சே நிக்குது. மூக்கெல்லாம் கண்ணாடில இடிச்சுப் புண்ணாயிருச்சு. காசு வேணாம், நீங்களே எடுத்துக்குங்க."

முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "விக்லா, சம்ப்லா." விற்றாயிற்று, முடிந்தது.

பெரிய தொட்டி வைத்திருக்கும் எல்லோரிடமும் கேட்டேன். லோஹேகாவில் ஒரு அதிகாரி வீட்டில், தோட்டத்துக் குளம் வைத்திருந்த ஒரு ஹோட்டலில். யாருக்கும் வேண்டாம். அதற்குள் அது சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டது. பவனா ஆற்றில் விட்டுவிடட்டுமா என்று ராஜாமணி கேட்டார். நான்தான் தடுத்தேன். பிழைத்தால் ஆற்றிலிருக்கும் மீனையெல்லாம் தின்றுவிடும். பிழைக்காவிட்டால் சாக்கடைத் தண்ணீரில் நாள்கணக்கில் கிடந்து சாகும்.

மிச்சமிருந்த வழி ஒன்றுதான். அடுத்த நாள் காலையில் கிராம்பு எண்ணெய் வாங்கிக்கொண்டு போனேன். அளவாகக் கலந்தால் மீன் மயங்கும், அதிகமாகக் கலந்தால் எழுந்திருக்காது. துணி ஊறவைக்கிற பெரிய டப்பில் தண்ணீர் நிரப்பினோம். ராஜாமணியே இரண்டு கையாலும் அதைத் தூக்கிவந்து விட்டார். வெளியே வந்த பிறகும் அதன் முதுகு நிமிரவில்லை.

நான் எண்ணெயைக் கலக்கி ஊற்றினேன். அவர் கையை எடுக்கவில்லை. செவுள் அசைவது குறைந்து, பிறகு நின்றது. வீடு முழுக்கக் கிராம்பு வாசனை.

கொஞ்ச நேரம் கழித்து, மீனைப் பார்த்தபடியே கேட்டார். "அன்னிக்கே தெரியுமா தம்பி ஒனக்கு?"

"தெரியும் அண்ணாச்சி."

அவர் திட்டவில்லை. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அவர் மனைவி எனக்குத் தேநீர் கொடுத்தார். பிறகு ஒரு மாதம் கழித்து, ஒரு விடுமுறை நாளில் போனேன். தொட்டியைப் பால்கனியில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கதவைத் திறந்த அந்த அம்மா, "அவரு தூங்கறாரு" என்றார். காலை பதினொரு மணி.

அதற்குப் பிறகு, வேட்டை மீன் கேட்டு யார் வந்தாலும் முதலில் அவர்கள் தொட்டியின் நீளத்தைக் கேட்டேன், அப்புறம் மீனின் முழு வளர்ச்சியை அடிக்கணக்கில் சொன்னேன். பாதிப் பேர் வாங்காமல் போனார்கள். முதலாளி என்னைக் கடைக்குப் பின்னால், தண்ணீர் மாற்றும் வேலைக்கு அனுப்பிவிட்டார்.

இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். குஞ்சைக் காட்டும்போதே அது எத்தனை அடி வளரும் என்பதையும் சொல்லிவிடுங்கள், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். நான் சொல்லியிருந்தால் ராஜாமணி அந்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் ஏமாற்றத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார். அவ்வளவுதான் ஆகியிருக்கும்.