ஒரு நாள் தாங்கும் படிகம்

இந்த ஊரில் வெளிச்சத்தைக்கூட விண்ணப்பம் போட்டுத்தான் வாங்க வேண்டும். ஸ்வீடனின் வெயிலைச் சொல்லவில்லை, அது வந்தால் வரும். நான் வேலை செய்யும் ஆய்வகத்தின் ஒளியைச் சொல்கிறேன். மாதக்கணக்கில் காத்திருந்தால் ஐந்து நாள் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் பீம் டைம். அந்த ஒளியைப் படிகத்தின் மேல் அடித்தால் எலக்ட்ரான்கள் தெறித்து வெளியே வரும். எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் வருகின்றன என்று பார்ப்பது என் பிழைப்பு. எங்கள் படிகம், குளிர வைத்தால் தடையே இல்லாமல் கரண்ட் கடத்தும் ரகம். உள்ளே ஓடும் எலக்ட்ரானை ஏதோ ஒன்று பிடித்து இழுக்கிறது. திரையில் நேராகப் போகும் கோடு ஓரிடத்தில் மடங்குகிறது. இழுப்பது அணுக்களின் அதிர்வா, காந்த அலையா என்பதில்தான் எங்கள் ஆட்களுக்குள் ஓயாத சண்டை.

மோகனூரில் கரும்பு வைத்திருந்த அப்பா, மகள் கரண்டு வேலையில் இருப்பதாகவே ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார். ஒருமுறை லீவில் போனபோது விளக்கினேன்.

"அப்ப வழியில கரண்டு துளிகூட வீணாகாதா?"

"ஆகாதுங்கப்பா."

"அப்பறம் என்ன, மொதல்ல நம்ம மோட்டாருக்குக் கொண்டா சாமி."

கேலிதான். ஆனாலும் காது கொடுத்துக் கேட்டாரே என்று எனக்கு அத்தனை சந்தோஷம்.

இந்த முறை மூன்றாம் நாள் காலை, வெற்றிடத்துக்குள் படிகத்தை உடைத்தோம். புதிதாக உடைத்த முகம் ஒரு நாள்தான் தாங்கும், அப்புறம் அழுக்கேறிவிடும். கோடு தெரிய ஆரம்பித்த நேரம் ஊரிலிருந்து அண்ணன் போனில் கூப்பிட்டார்.

"அப்பா போயிட்டாரு பாப்பா. ஐஸ் பொட்டி வந்துருச்சு. நீ வாரேன்னா வெக்கறோம், இல்லாட்டிப் பொழுதுக்குள்ள எடுத்தறலாம். ஆனா நீ மொகம் பாக்கோணுமில்ல?"

"பொட்டி எத்தன மணி நேரம் தாங்கும்?" என்றேன், படிகத்தைப் பற்றிக் கேட்கிற அதே குரலில்.

"நீ வார வரைக்கும் தாங்கும் சாமி."

எடுத்துருங்கண்ணா என்று சொன்னது நான்தான். யாரும் என்னைத் தடுக்கவில்லை. விமானமும் இருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அழுகையும் வரவில்லை. கோடு மடங்கிய இடத்தைக் குறித்து வைத்தேன்.

கூட வேலை செய்யும் லார்ஸிடம் சொன்னேன். தோளைத் தொட்டு வருந்தினார். பிறகு காலண்டரைப் பார்த்து, "அடக்கத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்குமே, இதை முடித்துவிட்டே போகலாம்" என்றார். அவர் ஊரில் செத்தவர்கள் அவ்வளவு நாள் காத்திருப்பார்கள். எங்கள் ஊரில் பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையாட்டினேன்.

மூன்று வாரம் கழித்து, "அடக்கம் என்றைக்கு?" என்று லார்ஸ் கேட்டார். "வருகிற வெள்ளிக்கிழமை. என்னால் போக முடியாது" என்றேன். ஊரில் கருமாதியே முடிந்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமை மதியம் காபி அறையில் மெழுகுவத்தி ஏற்றி, அப்பாவின் பெயரை ஒரு அட்டையில் எழுதி வைத்து, எங்கள் குழுவின் ஆறு பேரும் எழுந்து நின்றார்கள். ஒருவரும் அவரைப் பார்த்ததில்லை. என் பொய்க்கு இத்தனை மரியாதையா என்று கூசியது. அப்போது அண்ணன் கூப்பிட்டார்.

"எங்க சாமி இருக்கற? சத்தத்தையே காணோம்."

"எழவு ஊட்டுலண்ணா."

"அடக் கெரகமே, ஆரு போனது?"