கறிவேப்பிலைக்குப் பச்சை டேக்

போன வாரம் ஆயுத பூஜை. கும்மிடிப்பூண்டியில் என் மனைவி செல்வி வேலை பார்க்கும் கம்பெனிக்குக் குடும்பத்தோடு போயிருந்தேன். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் வீட்டுக்காரர்களுக்கு கேட் திறக்கும்! மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று... நமக்குப் பொரி, சுண்டல்.

செல்வி அங்கே குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வரும் உதிரி பாகங்களைச் சோதித்து, சரியென்றால் பச்சை டேக், தப்பென்றால் சிவப்பு டேக் கட்டுவாள்.

கேன்டீன் பின்பக்கம் போனோம். கறிவேப்பிலைச் செடி முன்னால் அரிவாளோடு நிற்கிறார் கேன்டீன் மாஸ்டர்.

"ஒரே பேஜாரு சார். செடி பூரா புழு. ரசத்துல போட ஒரு கொத்துகூட தேறல. ஒட்ட வெட்டி உட்டுர்றேன்."

அந்த நேரம் பார்த்து ஒரு பட்டாம்பூச்சி செடியைச் சுற்றியது. கறுப்பு இறக்கை, பின்னிறக்கையில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் பொட்டுகள். மாஸ்டர் அரிவாளைத் தாழ்த்தினார்.

"இதோட குஞ்சுங்களா சார் இந்தப் புழு? அப்பிடின்னா பாவம், உட்டுடலாம்."

நான் சும்மா இருப்பேனா? வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கே அறிவுரை எழுதுகிறவன் ஆயிற்றே!

"இது ரோஜா அழகி மாஸ்டர். ஆடுதின்னாப்பாளைன்னு ஒரு விஷக் கொடி, அதுலதான் முட்டை போடும். அதைத் தின்னு வளர்றதால பறவைங்க இதைத் தொடாது. உங்க புழுவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. தாராளமா வெட்டுங்க!"

அரிவாள் மறுபடி உயர்ந்தது.

"மாஸ்டர், இருங்க!" – செல்வி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "இன்னாங்க நீங்க, றெக்கைய மட்டும் பாத்துக்கினு சொல்றீங்க? உடம்பைப் பாருங்க. ரோஜா அழகிக்கு உடம்பு செவப்பா இருக்கும். இதுக்குக் கறுப்பு. இது கறிவேப்பிலை அழகி, பொம்பளப் பூச்சி. பறவைங்க திங்காம இருக்க அது மாதிரி வேஷம் போட்டுக்கினு கீது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெனம் இங்கதான டீ குடிக்கிறேன்? புழு பூச்சியாவுற வரைக்கும் பாத்திருக்கேன். பெயின்ட்டைப் பாத்து பாஸ் பண்றதுன்னா எனக்கு இன்னாத்துக்குச் சம்பளம்?"

அவள் முடிப்பதற்குள் அந்தப் பட்டாம்பூச்சி ஒரு கொழுந்திலையில் உட்கார்ந்து, வயிற்றை வளைத்து, கடுகளவு முட்டை ஒன்றை ஒட்டிவிட்டுப் பறந்தது. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

மாஸ்டர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார். "ரசத்துக்கு இன்னா மேடம் பண்றது?"

"எங்க ஊட்டாண்ட ரெண்டு செடி கீது. நாளைக்குக் கொண்டாரேன்."

எனக்கு வெட்கமாக இருந்ததா? ஒரு நிமிஷம்... இருந்தது. அப்புறம் முழுக்கப் பெருமைதான். இத்தனை வருஷமாக அவள் போல்ட், நட்டைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்திருந்தேன். ஓர் உயிரையும் அதே கவனத்தோடு பார்க்கிறவளோடு வாழ்வது எனக்கே தெரியவில்லை, பாருங்கள்.

செல்வி பச்சை டேக் ஒன்றை எடுத்துக் கறிவேப்பிலைக் கிளையில் கட்டினாள். சிவப்பு டேக்கை என் சட்டைப் பையில் சொருகினாள்.

பார்க்கிறவர்களிடமெல்லாம் அதை எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன்!