டீசல் தட்டும் பெட்ரோல் பல்லும்

ஒரு இஞ்சினுக்காக என் அப்பாவும் பெரியப்பாவும் இரண்டு வருடம் பேசாமல் இருந்தார்கள்.

எங்கள் ஊர் தியாகதுருகத்துக்குப் பக்கத்தில். இரண்டு வீடும் ஒரே தெருவில்தான். நடுவிலிருந்த கொட்டகையில் தாத்தா விட்டுப்போன பழைய அம்பாசிடர் நின்றது. அது இருவருக்கும் பொது. அப்பா வெளியூர் போயிருந்த ஒரு வாரத்தில் பெரியப்பா அதைச் சேலத்துக்கு ஓட்டிக்கொண்டு போய், பெட்ரோல் இஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு டீசல் இஞ்சினை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். செலவு கம்மி என்பது அவர் கட்சி. பூனை மாதிரி போன வண்டியை நெல்லு மிஷினாக்கிவிட்டார் என்பது அப்பாவின் கட்சி. அதற்குப் பிறகு இருவரும் சொல்லிக்கொள்ள வேண்டியதெல்லாம் என் வழியாகத்தான் போய் வந்தது. எனக்கு எட்டு வயது. கெட்ட வார்த்தைகளை மட்டும் தெருவிலேயே விட்டுவிடுவேன். அவற்றைத் திருப்பிச் சொன்னால் அம்மா என் வாயிலேயே போடுவாள்.

அந்த வருடம் அத்தை மாசமாக இருந்தாள். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. மாமாவுக்குக் கல்வராயன்மலையில், வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. முதல் குழந்தை தங்கவில்லை. இந்தத் தடவை நாள் நெருங்குமுன்பே கீழே வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட வேண்டும், பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வரக் கூடாது என்று கள்ளக்குறிச்சி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை கார் வரும் என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார்.

திங்கட்கிழமை வண்டி மக்கர் பண்ணியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. கொட்டகை முழுக்கக் கருகல் நாற்றம். கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது என்று மெக்கானிக் மோந்து பார்த்தே சொல்லிவிட்டார். கல்யாண மாதம் என்பதால் வாடகைக் கார் ஒன்றும் கிடைக்கவில்லை. அப்பா கள்ளக்குறிச்சிக்குப் போய், கடையில் வண்டியின் பெயரைச் சொல்லிப் புதுத் தட்டு வாங்கி வந்தார்.

கியர் பாக்ஸை இறக்கிவிட்டு மாட்டிப் பார்த்தால், தட்டின் நடுவிலிருந்த பல் கியர் பாக்ஸ் தண்டில் அளவாக உட்கார்ந்தது. ஆனால் தட்டு இஞ்சினுக்குச் சின்னது. திரும்பப் போய் டீசல் இஞ்சினுக்கான தட்டைக் கொண்டுவந்தார். அது இஞ்சினுக்குப் பொருந்தியது. பல் தண்டில் ஏறவே இல்லை. கடைசியில் கருகிப்போன பழைய தட்டையே தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். இந்த அளவுக்கு இந்தப் பல் வைத்து எந்தக் கம்பெனியும் செய்வதில்லை என்றார்கள்.

புதன்கிழமை காலையில் அப்பா அந்தப் பழைய தட்டை என் கையில் கொடுத்தார்.

"இத உங்க பெரிப்பாகிட்ட காட்டி, இது இன்னா தட்டு, எங்க வாங்குனதுன்னு கேட்டுக்கினு வா."

நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். வெள்ளைச் சட்டையில் கரி அப்பிக்கொண்டது. பெரியப்பா பல் விளக்கிக்கொண்டே பார்த்துவிட்டு, கியர் பாக்ஸ் மட்டும் பழைய பெட்ரோல் வண்டியுடையதே என்பதால் டீசல் தட்டின் நடுவை எடுத்துவிட்டு அங்கே பெட்ரோல் தட்டின் பல்லை வைத்து ரிவிட் அடித்தது என்று சொல்லி அனுப்பினார். கூடவே அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தையும். அந்த இரண்டு வார்த்தையைத் தெருவில் விடுவதிலேயே கவனமாக இருந்ததால், மீதியைத் தலைகீழாகச் சொல்லிவிட்டேன்.

அப்பாவும் மெக்கானிக்கும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மறுபடி போய்க் கேட்டு வரச் சொன்னார்கள். இரண்டாவது தடவையும் டீசலும் பெட்ரோலும் என் வாயில் இடம் மாறிக்கொண்டன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவை பெரியப்பா முன்னால் நின்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்கு வரல பெரிப்பா. நீங்களே வந்து சொல்லுங்க. நாளைக்கு அத்த காத்துக்கினு இருப்பாங்க."

அவர் கொடியிலிருந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

பெரியப்பா வந்து மெக்கானிக்கிடம் விளக்கிய பிறகு, அவர் பைக்கில் அப்பாவும் நானுமாக மூன்று பேரும் கள்ளக்குறிச்சிக்குப் போனோம். நடுவில் நான், என் மடியில் இரண்டு புதுத் தட்டுகள். "உங்கப்பன நல்லா புடிச்சிக்கச் சொல்லு" என்றார் பெரியப்பா. அப்பாவின் வாய் என் தலைக்கு மேலேயே இருந்தாலும் நான் திரும்பி முறையாகச் சொன்னேன்.

லேத் பட்டறையில் இரண்டு தட்டுகளின் ரிவிட்டையும் வெட்டி எடுத்தார்கள். சின்னத் தட்டின் பல் பெரிய தட்டின் நடுவில் போய் உட்கார்ந்தது. அதை அசையாமல் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. "டேய், இந்தப் பக்கம் சாயுது பாரு, புடி" என்றார் பெரியப்பா. அப்பா பிடித்தார். "போதுமாண்ணா?" என்று கேட்டார். எனக்கு அப்போது பட்டறைக்காரர் வாங்கிக் கொடுத்த பன்னில்தான் கவனம்.

சாயங்காலத்துக்குள் மெக்கானிக் எல்லாவற்றையும் மாட்டி முடித்தார். மறுநாள் காலையில் அப்பா ஸ்டியரிங்கில் உட்கார்ந்ததும் பெரியப்பா யாரும் கூப்பிடாமலே வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டார். தட்டு எப்படி இழுக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். நான் பின்சீட்டில்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் பெரியப்பா இஞ்சின் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டார். ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்ததால் செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. கீழே பள்ளம். பஸ் போனதும் அப்பா கிளட்சை மெல்ல விட்டார். வண்டி ஒரு விரற்கடை பின்னால் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். உடனே ஒரு உதறலோடு வண்டி மேலே ஏறியது. "புடிச்சிக்கிச்சிடா!" என்று பெரியப்பா அப்பாவின் தொடையில் அறைந்தார். அப்பா சத்தமாகச் சிரித்தார்.

வெள்ளிமலையில் அத்தை வாசலிலேயே நின்றிருந்தாள். மாமா கையில் பையும் பிளாஸ்க்கும். கார்க் கதவைத் திறந்தவள் முன்சீட்டைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். "ஏறும்மா" என்றார் அப்பா. "பாத்து ஏறு" என்றார் பெரியப்பா. என் பக்கத்தில் உட்கார்ந்த அத்தை, வண்டி கிளம்பியதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"அத்தைக்கு வலிக்குது, சீக்கிரம் போங்க!" என்று கத்தினேன். அப்பா பிரேக்கை மிதிக்க, இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

"வலியெல்லாம் ஒண்ணுமில்லண்ணா" என்றாள் அத்தை, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கினே ஓட்டுங்க."

நான்கு நாள் கழித்து, நல்லபடியாக ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆனால் அன்று அத்தை சொன்னதை நான் நம்பவில்லை. வலி இல்லாமல் ஒருத்தர் அவ்வளவு நேரம் அழுவார் என்று எனக்குத் தெரியாது. மலை இறங்கி ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை முன்சீட்டை ஒரு தரம்கூடப் பார்க்காமல், அத்தையின் வயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தேன்.