இசைத்தட்டின் மறுபக்கம்

இன்று லண்டன் ரெய்னர்ஸ் லேனில், தம்பி சிவநேசனின் பழம்பொருள் கடைக்குச் சென்றிருந்தேன்.

தம்பி ஓர் இசைத்தட்டைச் சுழலவிட்டான். ஓராண்டே வாழ்ந்து, ஒரே பாட்டால் பெயர்பெற்ற பழைய ராக்கபில்லி எனும் துள்ளிசைக் குழுவினுடையது.

“நிறுத்து!”

வாயிலில் ஆங்கிலேய முதியவர் ஒருவர் கைத்தடி ஊன்றி நின்றார். அக்குழுவின் பாடகர் தாமே என்றார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எல்லோரும் இதையே கேட்கிறார்கள், மறுபக்கத்தில் தாம் எழுதிய பாட்டை ஒருவரும் கேட்டதில்லை என்று சினந்தார்.

தம்பி தட்டைத் திருப்பினான். மூச்சுவிடவும் அஞ்சிக் கேட்டோம். பாட்டு முடிந்தது.

தம்பி என் பக்கம் சாய்ந்தான். “அண்ணை, உண்மையாச் சொல்லுறன், முதல் பாட்டுத்தான் நல்லம்.”

முதியவர் என் முகத்தையே உற்றுநோக்கினார். “என்ன சொல்கிறார்?”

மெய்யே உரைப்பேன் என்று மேடைதோறும் முழங்கியவன் நான்.

“இதுவே சிறந்தது என்கிறார்” என்று ஆங்கிலத்தில் கூறினேன்.

கண்கலங்கியவர் நாற்காலியை இழுத்து அமர்ந்தார். “அப்படியானால் மீண்டும் போடச் சொல்லுங்கள்.”

நான் மெல்ல வாயில் பக்கம் நகர்ந்தேன். தம்பி என்னை முறைத்தான். “அண்ணை, போகேலாது. நீங்களும் இருந்து கேளுங்கோ!”

உறவுகளே, நான்கு முறை கேட்டோம். என் பொய்க்கு அத்தண்டனை போதுமா? தீர்ப்பைக் கீழே எழுதுங்கள்.