சேமக்காலைக்கு ஒரு விளக்கு

எங்கள் பிரதேச சபையில் ஆளில்லாத வட்டாரத்துக்கும் ஓர் உறுப்பினர் இருந்தார். பெயர் நீக்கிலாப்பிள்ளை. கூட்டத்தில் என் பக்கத்து நாற்காலி அவருடையது. அவருடைய ஊர் வடக்குக் கரையில் சேந்தான்முனை. சின்ன ஊர்தான், ஆனாலும் மீன்பிடித் துறை, சந்தை, தபாற்கந்தோர், மாதா கோவில், கோவிலுக்குப் பின்னால் இறந்தவர்களை அடக்கம் செய்கிற சேமக்காலை என்று ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை வந்தபோது ஊரே ஒரு பகலில் எழும்பி ஓடியது. பிறகு படையினரின் முட்கம்பி வேலி வந்தது. எங்கள் செம்மண் தோட்டங்களுக்கு நடுவால் போகிற பெருந்தெரு அந்த வேலியில் முட்டி நின்றது.

ஆளே இல்லாத ஊருக்கு உறுப்பினர் எதற்கு என்று கேட்பீர்கள். அதுதான் அந்தச் சனத்தின் பிடிவாதம். உரும்பிராயிலும் திருநெல்வேலியிலும் வாடகைக்கு இருந்தாலும் முக்கால்வாசிப் பேர் ஊர்ப்பதிவை மாற்றவில்லை. அவர்களுடைய கிராம அலுவலர்கூட வேறோர் ஊரில் மேசை போட்டு இருந்துதான் கையெழுத்து வைத்தார். வேலிக்கு இந்தப் பக்கம் வாக்குப்பெட்டி வைத்து, வேலிக்கு அந்தப் பக்கத்துக்கு உறுப்பினரைத் தெரிவு செய்தார்கள்.

ஒவ்வொரு கூட்டத்திலும் நீக்கிலாப்பிள்ளை எழும்பி ஒரே ஒரு கோரிக்கை வைப்பார்: சேமக்காலைக்கு ஒரு தெருவிளக்கு. சபை சிரிக்கும். பேய்களுக்கு மின்கட்டணம் யார் கட்டுவது என்று ஒருவர் கேட்டார். எனக்கும் எரிச்சல்தான். என் வட்டாரத்து ஒழுங்கைகளில் பாதி விளக்கு எரியாமல் கிடக்க, இந்த மனிசன் நேரத்தைத் தின்கிறாரே என்று ஒருநாள் முகத்துக்கு நேரே பேசிவிட்டேன்.

அன்று பின்னேரம் அவருடைய மனைவி றோஸ் அக்கா என் வீட்டுக்கு வந்தார். எங்கள் ஒழுங்கையில்தான் அப்போது வாடகைக்கு இருந்தார்கள். அவர்களுடைய மூத்த மகன் லெனாட் மூன்று வயதில் காய்ச்சலில் செத்துப்போனவன். ஊரைவிட்டு ஓடுவதற்கு முந்தின வருடம். விளக்கை அணைத்தால் வீறிட்டு அழுகிற பிள்ளையாம். அடக்கம் செய்த நாளிலிருந்து தினமும் பொழுது சாய, றோஸ் அக்கா அரிக்கன் லாம்பைக் கொளுத்திக்கொண்டுபோய் அவன் தலைமாட்டில் வைத்துவிட்டு வருவாராம்.

“ஓடின அண்டைக்கு விளக்கு வைக்கேல்லை, பிள்ளை” என்றார். “அவனுக்கு இருட்டெண்டால் சரியான பயம். சாகிறதுக்கு முன்னம் அதிலை ஒரு வெளிச்சத்தைப் பாத்திட்டனெண்டால் போதும்.”

அடுத்த கூட்டத்திலிருந்து அந்தக் கோரிக்கையை நான் வழிமொழிந்தேன். சிரித்தவர்கள் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

ஆனால் நீக்கிலாப்பிள்ளை அண்ணையில் எனக்குக் கோபமும் உண்டு. இடம்பெயர்ந்தவர்களுக்குக் காணியும் வீடும் கொடுத்தபோது, இருக்கும் இடத்துக்குப் பதிவை மாற்ற வேண்டும் என்றார்கள். வீட்டுச் சொந்தக்காரர் எழும்பச் சொல்லும்போதெல்லாம் சட்டி பானையைத் தூக்கி அலுத்துப்போன றோஸ் அக்காவுக்கு அது நல்ல விருப்பம். இவர்தான் மாட்டேன் என்றார். நான் போய்க் கேட்டேன்.

“பதிவை மாத்தினால் பிள்ளையை அங்கை தனிய விட்டிட்டு வந்ததாப் போயிடும், தங்கச்சி” என்றார்.

செத்த பிள்ளைக்காக உயிரோடு இருக்கிறவளை அலைக்கழிக்கலாமா? அன்றும் கேட்டேன், இன்றும் கேட்பேன். றோஸ் அக்கா படுக்கையில் விழுந்ததும், தன் வீட்டில் செத்தவீடு நடக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சாடைமாடையாகச் சொல்லத் தொடங்கினார். கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வேறோர் ஊர்ப் பங்குக் கோவிலுக்குத்தான் அவரைக் கொண்டுபோனோம். சேந்தான்முனையில் மகனுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப் படையினரிடம் அனுமதி கேட்டிருந்தோம். பதில் வரவில்லை. சவத்தை அதற்கு மேல் வைத்திருக்க முடியாமல் அந்தப் பங்கின் சேமக்காலையிலேயே அடக்கம் செய்தோம். எனக்கு நெஞ்சு ஆறவேயில்லை.

அடுத்த தை மாதம், ஊர் ஓடி முப்பது வருடம் நெருங்குகிற நேரத்தில், வேலியைத் திறந்துவிட்டார்கள்.

சபை ஒரே கூட்டத்தில் விளக்குக்குச் சம்மதித்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. கம்பம் நாட்டுகிற அன்று நானும் போனேன். கோவிலுக்குக் கூரை இல்லை. சேமக்காலை இருந்த இடம் சுத்தமாக மட்டப்படுத்தப்பட்டு வெறும் வெண்மணலாகக் கிடந்தது. ஒரு குருசு இல்லை, மதில் இல்லை.

கம்பத்தை எந்த இடத்தில் நாட்டுவது என்று மின்வேலைக்கு வந்த பெடியன் கேட்டான். நீக்கிலாப்பிள்ளை அண்ணை கோவில் சுவரிலிருந்து நடந்து பார்த்தார். திரும்பி வந்து மறுபடி நடந்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. மகனின் அடக்கத்தன்று அவர் அங்கே நின்றதோடு சரி. அதன் பிறகு பொழுது சாயும் நேரமெல்லாம் அவர் வள்ளத்தில், கடலில். தினமும் லாம்பு கொண்டுபோனவள் றோஸ் அக்கா ஒருத்திதான்.

பெடியன் மறுபடியும் கேட்டான். அவர் மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“இடம் தாய்க்குத்தான் தெரியும், தம்பி. முழுக்க வெளிச்சம் விழுற மாதிரிப் போடுங்கோ.”