ஆடி மாசத்துக் கல்யாணமும் கறுப்பு அம்பாசடரும்

ஸ்ரீபெரும்புதூரில் அரிசி மில் வைத்திருந்த சுப்பராயனின் கறுப்பு அம்பாசடரைத் தெரியாத ஆளே எழுபதுகளில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. அதை ஓட்டின லூர்துராஜைத் தெரியாதவர்கள் எக்கச்சக்கம். வண்டி வந்தால் வண்டியைத்தானே பார்ப்பார்கள்! அப்படி ஒரு மினுக்கு. பக்கத்தில் நின்று தலை வாரிக்கொள்ளலாம்.

அந்த மினுக்கு சும்மா வருமா? கறுப்பு வண்டியில் ஒரு விரல் பட்டால்கூடக் காட்டிக்கொடுத்துவிடும். மதராசில் கிடைக்கிற பாலிஷையெல்லாம் லூர்து ஒரு கை பார்த்தவன். பானெட்டில் இடது பாதிக்கு ஒன்று, வலது பாதிக்கு ஒன்று என்று பூசி, மழையில் நிறுத்திவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பான். பாட்டிலில் வருகிற பால் மாதிரிச் சமாச்சாரம் பூசினவுடனே பளபளக்கும், ரெண்டு தடவை கழுவினால் ஓடிப்போகும். தகர டப்பாவில் வருகிற கெட்டி மெழுகுதான் சரக்கு. மெல்லிசாகத் தடவி, வெள்ளை பூக்கிறவரை காத்திருந்து, பழைய பனியன் துணியால் தோள்பட்டை கழன்றுபோகிற மாதிரி தேய்க்கணும். தேய்த்துவிட்டால் ஒரு மழைக்காலம் தாங்கும். டயருக்கு விளக்கெண்ணெய் தடவிப் பார்த்தான். செம்மண் தூசி அப்பிக்கொண்டது. கறுப்புப் பெயின்ட் அடித்தான்; பாளம் பாளமாக வெடித்தது. கடைசியில் கிளிசரினில் தண்ணீர் கலந்து தடவி, மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிட்டால் போதும் என்று கண்டுபிடித்தான். அந்த வேகத்தில் பாதியைத் தன் வீட்டு ஓட்டை அடைப்பதில் காட்டியிருந்தால் பெண்டாட்டி சவரியம்மாள் மழைக்கு மழை பாத்திரம் வைத்துக்கொண்டு அலைந்திருக்க மாட்டாள்.

மினுக்கினதுதான் அவனுக்கு வினையாகப் போனது. ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டிதான் வேண்டும். சுப்பராயன் இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷன், ஆனால் வேறு கை ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார். ஆக, முகூர்த்தம் இருந்தால் லூர்து வீட்டில் இருக்க மாட்டான். தம்பி கல்யாணத்துக்குப் போகவில்லை. கொழுந்தியாள் கல்யாணத்துக்குச் சாப்பாடு முடிந்து இலை எடுத்த பிறகு போய்ச் சேர்ந்தான்.

மகள் அன்னபுஷ்பத்துக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் மாப்பிள்ளை அமைந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அவர்கள் சர்ச் வழக்கப்படி, கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் பெண்ணை அப்பன்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போகணும்.

"நீ வருவ இல்லப்பா? சித்திக்கு வந்த மாதிரி வந்துடாத."

லூர்துவுக்குச் சுருக்கென்றது. யோசித்து யோசித்து ஒரு வழி பிடித்தான். ஆடி மாசம்! ஆடியில் எந்த இந்து வீட்டிலும் கல்யாணம் கிடையாது. வண்டி ஷெட்டில் தூங்கும். வேதக்காரர்களுக்கு ஆடி என்ன, ஆவணி என்ன? தவக்காலமாக இல்லாமல் இருந்தால் சரி. ஃபாதரிடம் பேசி நாள் குறித்து, மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாகிவிட்டது. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவனுக்கே தலைகால் புரியவில்லை.

பத்திரிகை வைக்கப் போன இடத்தில் சுப்பராயன் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்: "யோவ் லூர்து, ஆடில வண்டி சும்மாதானே கெடக்குது? எத்தினி பொண்ணுங்கள ஏத்தினு போயிருக்க, உன் பொண்ணு மட்டும் நடந்தா போவும்? நம்ம வண்டிலதான் வரணும். நானும் வர்றேன்."

லூர்துவின் முகத்தில் ஈயாடவில்லை. வேண்டாங்க மொதலாளி என்று ரெண்டு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. "சரிங்க" என்றான். சுப்பராயன் கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை, ஒரு தரமாவது சண்டை போட்டிருக்கலாம். நல்லவரிடம் மாட்டிக்கொண்டவனுக்கு எந்தப் பக்கம் கதவு?

சவரியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "வண்டி வர்லன்னா நீ அப்பன். வண்டி வந்தா நீ டிரைவர். இதுகூட உனுக்குப் புரியலியா?"

"கோயிலாண்ட நிறுத்திட்டு எறங்கி வரப்போறேன். அம்புட்டுதானே?"

"எறங்குவியா?"

"எறங்குறேன்டி!"

அன்னபுஷ்பம் பூ கட்டிக்கொண்டே அப்பன் முகத்தைப் பார்த்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் முழுக்க அவன் மெழுகு தேய்த்தான். பெண் வீட்டில் பந்தல்கால் நட ஆள் இல்லை. மச்சான் சின்னப்பராஜ்தான் ஓடியாடிச் செய்தான். மகளுக்காகத்தானே தேய்க்கிறேன் என்று லூர்து சொல்லிக்கொண்டான். அது பொய்யும் இல்லை.

மறுநாள் காலையில் வண்டி ஒரகடம் பக்கத்துக் கோயிலுக்குப் போன செம்மண் பாதையில் ஆடிக்காற்று புழுதியை வாரி இறைத்தது. போய் நிற்பதற்குள் பானெட் மேல் சிவப்பாக ஒரு போர்வை. லூர்து பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினான். வெள்ளைப் பட்டில் அன்னபுஷ்பம் இறங்கினாள். வேப்பமரத்தடியில் போட்டிருந்த நாற்காலியில் சுப்பராயன் உட்கார்ந்தார்.

"நான் இங்கதான் ஒக்காந்துனு இருக்கேன். வண்டிய நான் பாத்துக்கறேன். நீ போய்யா, பொண்ண இட்டுனு போ!"

கேட்டீர்களா? அவரே சொல்லிவிட்டார். யாரும் அவனைப் பிடித்து வைக்கவில்லை. லூர்து மகளின் கையைப் பிடித்தான். மருதாணிக் கை, குளிர்ந்து கிடந்தது. மணி அடித்தது. ஃபாதர் வாசலுக்கு வந்து நின்றார். ரெண்டு பேரும் படி ஏறினார்கள்.

அப்போதுதான் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், பாவம், உபகாரம் செய்கிற நினைப்பில், தோளில் கிடந்த துண்டை எடுத்து பானெட்டைப் பரபரவென்று துடைக்க ஆரம்பித்தார். வறட்டுப் புழுதி மேல் வறட்டுத் துண்டு! மணல் உரசுகிற சத்தம் லூர்துவின் காதுக்கு மட்டும் கேட்டது.

"ஐயோ, தொடாதீங்க! கோடு விழும்!"

கையை விட்டுவிட்டான். பெண்ணின் கையை விட்டுவிட்டு ஓடினான். டிக்கியில் இருந்த தண்ணீர் டின்னைத் திறந்து, பனியன் துணியை நனைத்து, புழுதியைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தான். மூன்று கோடு விழுந்திருந்தது. மெழுகு போட்டால் மறைந்துவிடும் என்று தெரிந்ததும்தான் அவனுக்கு மூச்சே வந்தது.

"யோவ், இன்னாய்யா பண்ற நீ?" சுப்பராயன் நாற்காலியிலிருந்து எழுந்து கத்தினார். "போய்யா உள்ள!"

லூர்து திரும்பினான். வாசலில் யாரும் இல்லை. உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது. ஈரத் துணியோடு ஓடிப்போய்ப் பார்த்தான். பீடத்துக்குப் பக்கத்தில் சின்னப்பராஜ் அன்னபுஷ்பத்தின் கையை மாப்பிள்ளையிடம் கொடுத்துக்கொண்டிருந்தான். ஃபாதர் எவ்வளவு நேரம்தான் நிற்பார்? சவரியம்மாள் முதல் வரிசையில் முக்காடு போட்டுக்கொண்டு இருந்தாள், ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. லூர்து கடைசித் தூணோரம் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதான். பெண்ணைப் பெற்றவன் அழுகிறான் என்று பக்கத்தில் நின்றவர்கள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

பூசை முடிந்து எல்லாரும் வெளியே வந்தார்கள். லூர்து ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அன்னபுஷ்பம் புருஷனோடு அவனைத் தாண்டி நடந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்த மாட்டு வண்டியின் சக்கரத்தில் கால் வைத்தாள்.

"கண்ணு, வண்டி இங்க நிக்குது பாரு..."

அவள் திரும்பினாள். கோபம் இருந்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

"வண்டிய நீ பாத்துக்கப்பா. நான் போயிட்டு வர்றேன்."

மாட்டு வண்டி கிளம்பியது. லூர்து அப்படியே நின்றான். பின்னால் போய்விடலாம், ஓடினால் பிடித்துவிடலாம், சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் அவர்கள் கூடவே நடந்தும் போகலாம். கால் நகரவில்லை. சுப்பராயன் வந்து, திறந்திருந்த கதவு வழியாக ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்தார்.

"சரி, எடுய்யா. காத்து அடிக்குது, மண்ணு ஏறுது."

"சரிங்க" என்று லூர்துராஜ் கதவைச் சாத்தினான்.